நோய் தீர்ந்த பின் உடலைப் பேணுதல்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



காலை முதல் இம்முகாமில் குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, வீட்டு வரி, ஏரிக்கரை ஆகியவை பற்றி அறிந்தோர் பலர் பேசியுள்ளனர். நாம் பேச வந்த பொருள் அவற்றைப் போல் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதன்று. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, நோய் நீங்கி, ஊருக்குத் திரும்பி வந்து, மீண்டும் நம் நடுவே வாழ்கின்றவர்களைப் பற்றியது அது. நோயின் பெயரைச் சொன்னவுடனேயே இங்குச் சிலர் முகம் வாடுவதைக் காண்கிறோம். வாட வேண்டுவதில்லை. இன்று நாம் இறந்தவர்களைப் பற்றிப் பேசப் போவதில்லை. பிழைத்தவர்களைப் பற்றியே பேசப் போகிறோம்.

சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டபோது, அங்கே இருந்தவை சில குடிசைகளும் 12 படுக்கைகளுமே. அக்காலத்தில் நோயாளியின் வீட்டார் கேட்ட கேள்வி ஒன்றே. பிழைப்பாரா, மாட்டாரா என்பதே அது. அறுவை முறையும் கதிர் சிகிச்சையும் மருந்துகளும் வளர்ந்துள்ள இந்நாளில், காலத்தோடு கண்டறியப்பட்ட பலர் பிழைக்கின்றனர். பிழைத்த பின் என்ன என்பது அடுத்த கேள்வி. இக்கேள்வியை மருத்துவமனை முழுவதுமாகத் தீர்த்துவிட இயலாது. ஏனெனில் அவர்கள் மருத்துவமனையில் இருப்பது சில மாதங்கள். நம் ஊரில் வாழ்வதோ இருபது ஆண்டு, முப்பது ஆண்டு.

கிராமத்தில் நாம் இரண்டே நிலைகளை அறிவோம். ஒருவர் நோயாளி, அல்லது நலமாக உள்ளவர். புற்றுநோய் தீர்ந்தவர் இவ்விரண்டிலும் அடங்குவதில்லை. நோய் போய்விட்டது, ஆனால் நோயைப் போக்கிய சிகிச்சை தன் அடையாளத்தை உடலில் விட்டுச் சென்றிருக்கிறது. அந்த அடையாளம் சிலருக்குச் சில மாதங்களில் மறையும். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் நிற்கும். ‘இவருக்குத்தான் சரியாகிவிட்டதே, ஏன் இன்னும் வேலை செய்ய மாட்டேன் என்கிறார்?’ என்று ஊர் கேட்கிறது. ‘இவருக்கு நோய் திரும்பிவிட்டது போலும்’ என்று அதே ஊர் மறுநாள் காதோடு காது பேசுகிறது. இரண்டும் தவறு.

நாம் அறிந்த ஒரு பெண்மணியின் நிலையை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் பெயரும் ஊரும் வேண்டா. காவிரிப் பாசனப் பகுதியில் நடவு வேலைக்குச் செல்பவர். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவையும் கதிர் சிகிச்சையும் பெற்று நலமடைந்தார். மூன்றாம் ஆண்டில் அறுவை நடந்த பக்கத்துக் கை கனப்பதுபோல் தோன்றிற்று. வளையல் கழலவில்லை. ரவிக்கைக் கை இறுகிற்று. வயது கூடுகிறது, உடம்பு பருக்கிறது என்று எண்ணி வாளா இருந்தார். கை மேலும் வீங்கியபோது முந்தானையால் போர்த்து மறைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தார் அதனை யானைக்கால் நோய் என்றனர். ஒருவர் அதற்குரிய மாத்திரையையும் வாங்கிக் கொடுத்தார். அதனால் பயன் ஒன்றும் விளையவில்லை. நடவில் அவர் வரிசை பின்தங்கியது. நடவுக்கு ஆள் சேர்க்கும் அம்மாள் இரண்டு நாள் பொறுத்தார்; மூன்றாம் நாள் அவரை அழைக்கவில்லை. பின்னர் அறுவடைக் காலத்தில் கருக்கரிவாள் விரலில் சிறிது கீறிவிட்டது. கீறல் ஒரு நெல் அளவே. மறுநாள் கை முழுவதும் சிவந்து, அனலாய்க் கொதித்து, குளிர் காய்ச்சல் கண்டு, அவரை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தது. உயிருக்கு அபாயம் நேரவில்லை. ஆனால் காய்ச்சல் நீங்கிய பின் கை முன்னிலும் பெரிதாயிற்று.

இஃது எதனால் நிகழ்கிறது என்பதை உழவர்களுக்கு விளக்குவது எளிது. வயலுக்கு நீர் கொண்டுவர வாய்க்கால் இருப்பதுபோல், மிகுந்த நீரை வெளியேற்ற வடிகால் இருக்கிறது. உடலிலும் அவ்வாறே. இரத்தக் குழாய்கள் வழியே வரும் நீரில் ஒரு பகுதி சதையிடையே கசிந்து தங்குகிறது. அதனைத் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். அக்குழாய்கள் வழியில் ஆங்காங்கே சிறு கழலைகளில் கூடுகின்றன. காலில் புண் உண்டானால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது என்கிறோமே, அங்கே வீங்குபவை இக்கழலைகளே. மார்பகத்தில் தோன்றும் புற்று முதலில் பரவக்கூடிய இடம் அக்குளின் கழலைகள். ஆதலின் மருத்துவர் அவற்றை அகற்றுகிறார்; அல்லது கதிரால் எரிக்கிறார். நோயைத் தடுக்க அது வேண்டியதே. ஆனால் அதே செயலால் கையின் வடிகால் குறுகிவிடுகிறது. வடிகால் அடைபட்ட வயலில் நீர் தேங்குவதுபோல் கையில் நீர் தேங்குகிறது. தேங்கிய நீரில் பாசி பிடிப்பது எளிது. அதுபோல் வீங்கிய கையில் கிருமி பற்றுவதும் எளிது.

ஊரார் இதனை யானைக்கால் என்று சொன்னது முழுவதும் அறியாமையன்று. யானைக்கால் நோயில் கொசுவின் மூலம் வரும் நுண்புழு இதே குழாய்களைக் கெடுக்கிறது. அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை நிபுணர் மார்பகத்தையும் அதன் கீழுள்ள தசையையும் அக்குள் கழலைகளையும் ஒருசேர அகற்றும் முறையைப் பரப்பியவர். அவரே 1921-ஆம் ஆண்டில் இக்கை வீக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அறுவையால் உண்டாகும் யானைக்கால் என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். பெயர் ஒன்றாயினும் காரணம் வேறு. இங்கே புழு இல்லை. புழுவுக்கான மாத்திரை இதற்கு உதவாது. இது தொற்றுவதும் இல்லை. அவர் தொட்ட பாத்திரத்தை நாம் தொடலாம், அவர் சமைத்ததை உண்ணலாம் என்பதை இச்சபையில் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தத்திற்குரியது.

அக்குள் கழலைகளை முழுமையாக அகற்றப்பெற்றவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இவ்வீக்கம் தோன்றுகிறது. 1990-களில் பரவத் தொடங்கிய புதிய முறையில் முதலில் நிணநீர் சென்று சேரும் ஓரிரு கழலைகளை மட்டும் எடுத்துச் சோதித்து, அவற்றில் நோய் இல்லையெனில் மற்றவற்றை விட்டுவிடுகின்றனர். அவர்களுக்கு வீக்கம் ஏற்படுவது இருபதின்மரில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் இது தலைகாட்டும். பத்து ஆண்டு கழித்து வந்தவர்களும் உண்டு. உடல் எடை மிகுந்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

முதலில் அறிய வேண்டியது வீக்கத்தின் தொடக்கத்தைக் கண்டுகொள்ளும் முறை. தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்று போதும். முழங்கை மடிப்பிலிருந்து மேலே 10 சென்டிமீட்டர், கீழே 10 சென்டிமீட்டர் என இரண்டு இடங்களில் குறியிட்டு, இரு கைகளின் சுற்றளவையும் மாதம் ஒரு முறை, ஒரே வேளையில் அளந்து, சுவர்க் காலண்டரிலேயே குறித்துவரலாம். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு வலக்கை இயல்பிலேயே சற்றுப் பருத்திருக்கும். ஆதலின் அறுவைக்கு முன்பே ஒரு முறை அளந்து வைப்பது நன்று. வித்தியாசம் 2 சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தொடக்கத்தில் வீக்கம் மென்மையாயிருக்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். கையை உயர்த்தி வைத்தால் வடியும். ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் தோல் தடித்துச் சதை இறுகிவிடும். பின்னர்க் குறைப்பது அரிது. நாம் மேலே சொன்ன பெண்மணி இழந்தது இந்தத் தொடக்கக் காலத்தைத்தான்.

சிகிச்சை உண்டு. ஆனால் அது மாத்திரையன்று. சிறுநீரைப் பெருக்கி நீரை வெளியேற்றும் மாத்திரைகளை வாங்கி விழுங்குவோர் உளர். இவ்வீக்கத்திற்கு அவை பயன்படுவதில்லை. கையை அளந்து தயாரித்த நெகிழ்வான இறுக்க உறை ஒன்றைப் பகலில் அணிய வேண்டும். அதன் இறுக்கம் விரல் பக்கம் மிகுந்தும் தோள் பக்கம் தளர்ந்தும் அமைந்திருக்கும். நீர் மேல்நோக்கிச் செல்வதற்கான ஏற்பாடு அது. அந்த உறையை அளவு பாராமல் வாங்குவதும், அதற்குப் பதிலாகக் கயிறோ துணியோ இறுகக் கட்டுவதும் தீமை பயக்கும். ஆறு மாதம் அணிந்தபின் உறை தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும். இயன்முறைச் சிகிச்சையாளர் கற்றுத்தரும் மென்மையான நீவுதல் இருக்கிறது. தோலை மட்டும் இலேசாக நகர்த்துவதே அது. எண்ணெயிட்டு அழுத்தித் தேய்ப்பது அன்று. சூடு போடுதல், அட்டை விடுதல், ஊசியால் குத்தி நீர் எடுத்தல் ஆகிய மூன்றையும் எவர் சொன்னாலும் கேட்கலாகாது. கிருமி நுழைய வாயில் திறந்துவிடுவதற்கு ஒப்பாகும் அவை.

தோலைப் பேணுதல் மிக இன்றியமையாதது. நாள்தோறும் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, சிறிது தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் வெடிக்காது. சீமைக் கருவேல முள் எடுக்கும்போதும், கருக்கரிவாள் பிடிக்கும்போதும், உரம் தூவும்போதும் கையுறை வேண்டும். அடுப்பங்கரையில் ஆவியும் தோசைக்கல்லும் கவனிக்க வேண்டியவை. சிறு கீறல் பட்டாலும் உடனே கழுவிக் கிருமி நாசினி இட வேண்டும். சிவப்பு, அனல், காய்ச்சல் இம்மூன்றும் தோன்றினால் மறுநாள் பார்க்கலாம் என்று இருத்தல் கூடாது. அன்றே செல்ல வேண்டும். அஃதன்றிக் கை திடீரென வலியுடன் வீங்கினாலும், கை பலமிழந்தாலும், கழுத்திலோ அக்குளிலோ புதிய கட்டி தென்பட்டாலும் அதனையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எல்லா வீக்கமும் நோய் திரும்பியதன் அறிகுறியன்று; எனினும் எதுவும் அதுவன்று என்று தாமே தீர்மானித்துவிடலும் ஆகாது.

இனி வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னாளில் மருத்துவர்கள் இவர்களிடம், ‘அந்தக் கையால் கனமாக எதையும் தூக்காதீர்’ என்று வாழ்நாள் தடை விதித்தனர். உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இத்தடை ஒரு பொருட்டன்று. தண்ணீர்க் குடம் தூக்கி, தழை அறுத்து, பிள்ளையை இடுப்பில் வைத்து வாழும் நம் தாய்மார்களுக்கோ அது வாழ்வையே நிறுத்தச் சொல்வதற்கு ஒப்பாகும். அமெரிக்காவில் 141 பெண்களைக் கொண்டு நடத்தப்பெற்று 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இத்தடையைத் தளர்த்தியது. கை வீக்கமுள்ள பெண்கள், மேற்பார்வையுடன், மிகக் குறைந்த எடையில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பளு தூக்கினர். வீக்கம் மிகுதியாகவில்லை, கை வலுப்பெற்றது. ஆகவே வேலையே கூடாது என்பது சரியன்று. ஆறு மாதம் படுத்திருந்தவர் முதல் நாளே நிறைகுடம் தூக்குவதும் சரியன்று. அரைக்குடத்தில் தொடங்குக, கை கனத்தால் அடுத்த நாள் குறைக்க, நலமாயிருந்தால் அடுத்த வாரம் கூட்டுக. தோள் இறுகாதிருக்க, சுவரை நோக்கி நின்று, பல்லி ஏறுவதுபோல் விரல்களால் மெல்ல மேலே ஏறிச் செல்லும் பயிற்சியை நாள்தோறும் செய்யலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

நடவு வேலையில் கை நாள் முழுவதும் கீழே தொங்குகிறது. சேற்றிலும் நீரிலும் ஊறுகிறது. ஆதலின் அது இவர்களுக்குக் கடினமானது. அந்தப் பெண்மணிக்குப் பின்னர் நேர்ந்தது யாதெனில், அவ்வூர் உழவர் ஒருவர் விதைநெல் தூய்மை செய்யவும், உளுந்து பொறுக்கவும் அவரை அழைத்துக்கொண்டார். உட்கார்ந்து செய்யும் வேலை. நடுவே கையை உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். இப்போது இறுக்க உறை அணிகிறார். கை ஓரளவு குறைந்திருக்கிறது. கதை இனிதே முடிந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒன்றை மறைக்க நாம் விரும்பவில்லை. நடவுக் கூலிக்கும் இக்கூலிக்கும் வித்தியாசம் உண்டு. வேலை நாட்களும் குறைவு. நடவுக்கு ஆள் சேர்ப்பவரைக் குறை கூறவும் நமக்கு மனமில்லை; ஏக்கருக்கு இத்தனை என்று பேசி வந்த குழுவில் ஒருவர் பின்தங்கினால் மற்ற எல்லாருடைய கூலியும் குறைகிறது. எனவே இதனை அவரவர் இரக்கத்திற்கு விட்டுவிடுவது போதாது. ஊராட்சியின் பொறுப்பில் நடைபெறும் நாற்றங்கால், மரக்கன்று வளர்ப்பு, குடிநீர்த் தொட்டிப் பராமரிப்பு, சத்துணவுக் கூடம் முதலிய பணிகளில் குனிந்து சுமக்கத் தேவையில்லாத பகுதிகள் எவை என்று பிரித்துப் பார்த்து, அவற்றை இத்தகையோருக்கு முதலில் கொடுக்க மன்றம் தீர்மானிக்கலாம். எல்லாவற்றிலும் சுலபமான இடத்தைச் செல்வாக்குள்ளவர் எடுத்துக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

அடுத்து, வாய்ப் புற்றுநோய். புகையிலையும் பாக்கும் மெல்லும் பழக்கம் உள்ள நம் நாட்டில் இதனை அறியாத ஊர் இராது. இதற்குக் கதிர் சிகிச்சை ஆறு ஏழு வாரம் நடைபெறும். கதிர் படும் வழியில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருப்பதால் அவை வாடிவிடுகின்றன. நலமாக உள்ளவருக்கு நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதன் அருமை அது வற்றிய பின்னரே தெரியும். சோறு தொண்டையில் நிற்கும், காரம் எரியும், இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். உமிழ்நீர் பற்களைக் காத்து வந்த பொருள் ஆதலின், அஃதில்லாத வாயில் பற்கள் விரைவில் சொத்தையாகின்றன. இவர்கள் ஒரு சிறு நீர்க் குப்பியை எப்போதும் உடன் வைத்து வாயை நனைத்துக்கொள்ள வேண்டும். ஃபுளூரைடு சேர்ந்த பற்பசையால் இருவேளையும் பல் துலக்க வேண்டும். குழைந்த சோறு, மோர் கலந்த கம்மங்கூழ், காரமில்லாத பருப்பு நீர் ஆகியவை இறங்கும். புகையிலையை அறவே விட வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் சொல்கிறோம், ஏனெனில் பிழைத்த பின்னும் மீண்டும் மடிப்பொட்டலத்தை அவிழ்த்தவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

இவர்களுக்கு உள்ள ஒரு பெரிய அபாயம் பலருக்குத் தெரியாது. கதிர்பட்ட தாடையெலும்பில் இரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. அவ்விடத்தில் ஒரு பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே அழுகிப்போகக்கூடும். சிகிச்சை முடிந்து பல ஆண்டு கழிந்தாலும் இந்த அபாயம் நீங்குவதில்லை. எனவேதான் கதிர் சிகிச்சை தொடங்குமுன்பே கெட்ட பற்களை எடுத்துவிடுகின்றனர். பின்னாளில் பல் வலித்தால் எந்த மருத்துவரிடம் சென்றாலும், ‘தாடைக்குக் கதிர் வைத்திருக்கிறார்கள்’ என்பதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். சந்தையில் உட்கார்ந்து பல் பிடுங்குபவரிடம் போகவே கூடாது. கழுத்தில் கதிர் பட்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பியும் மந்தமாகலாம். காரணமின்றிச் சோர்வும் குளிரும் எடைப் பெருக்கமும் தோன்றினால் இரத்தச் சோதனை ஒன்றால் அறிந்து, நாளொரு மாத்திரையால் சரி செய்யலாம்.

வாய் திறவாமையும் இவர்களுக்கு நேரும். நலமாக உள்ளவர் தம் மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி வாயில் நுழைக்கலாம். இவர்களில் சிலருக்கு ஒரு விரல் நுழைவதே அரிது. மெல்லிய மரச் சீவல்களை அடுக்கிப் பற்களிடையே வைத்து, வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டித் தாடையைப் பழக்கும் பயிற்சியைச் சிகிச்சையின் போதே தொடங்க வேண்டும். விட்டுவிட்டால் தசை இறுகிவிடும். இத்தகையவர் ஒருவரைத் திருமணப் பந்தியில் நாம் பார்த்தோம். சாம்பார் சோற்றைப் பிசைந்து சிறு சிறு கவளமாக அவர் உண்டு கொண்டிருக்கையில், பந்தி முழுவதும் எழுந்துவிட்டது. இலை எடுப்பவர்கள் வந்து நின்றனர். அவர் பாதியில் இலையை மடித்துவிட்டு எழுந்தார். அதன்பின் எந்த விருந்துக்கும் அவர் போவதில்லை என்று வீட்டார் கூறினர். அவருக்காகப் பந்தியின் ஓரத்தில் ஓர் இலையும் அரைமணி நேரமும் விட்டு வைப்பது எந்த ஊருக்கும் இயலாத காரியமன்று.

மருந்து சிகிச்சையால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். பாக்லிடாக்சல், சிஸ்பிளாட்டின், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகள் புற்றை அழிக்கும்போது விரல் நுனிகளிலும் உள்ளங்காலிலும் உள்ள மெல்லிய நரம்புகளையும் வாட்டுகின்றன. கால் மரத்துப்போகிறது, எறும்பு ஊர்வதுபோல் தோன்றுகிறது, சட்டைப் பொத்தான் போடுவது கடினமாகிறது. பலருக்கு நாளடைவில் குறையும், சிலருக்கு நிலைத்துவிடும். வரப்பில் வெறுங்காலுடன் நடக்கும் உழவருக்கு இது பெரிய இடர். முள் தைத்தது தெரியாது. தார்ச் சாலையின் சூடு தெரியாது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சொல்லும் அறிவுரையே இவர்களுக்கும் ஆகும். செருப்பின்றி நடவாமை, மாலையில் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்த்தல், வெந்நீரின் சூட்டை மரத்துப்போன கையால் அன்றி முழங்கையால் அறிதல் ஆகியவை போதும். இரவில் மோட்டார் போடச் செல்பவர் கைவிளக்கின்றிச் செல்லலாகாது. கால் அறியாததைக் கண்ணாவது அறிய வேண்டும்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இடுப்பில் கதிர் சிகிச்சை பெற்ற தாய்மார்கள் நம் ஊர்களில் பலர். சிகிச்சை முடிந்து ஆண்டுகள் சென்ற பின்னும் இவர்களுக்கு மலமும் சிறுநீரும் அடக்க இயலாமல் திடீரென வரலாம். மலத்தில் இரத்தம் காணலாம். இதனை மூலம் என்று எண்ணி நாட்டு மருந்து உண்டு காலம் கழிக்காமல், சிகிச்சை பெற்ற இடத்திற்கே சென்று காட்ட வேண்டும். இல்லற வாழ்வில் தோன்றும் வலியும் இறுக்கமும் பற்றி இச்சபையில் விரித்துரைப்பது முறையன்று. ஆனால் அதற்கும் வழிமுறை உண்டு, பெண் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்கத் தயங்க வேண்டா என்பதைத் தாய்மார்களுக்கு மட்டும் கூறி அமைகிறோம். மன்றத்தார் கவனிக்க வேண்டியது கழிப்பிடம். காலை நான்கு மணிக்கு ஒரு முறை, இருட்டிய பின் ஒரு முறை என்று உடலைப் பழக்கிக்கொண்ட காலம் இவர்களுக்குப் போய்விட்டது. கட்டிய கழிப்பிடம் பூட்டிக் கிடந்தாலும், தண்ணீர் வராவிட்டாலும், பகலில் இவர்கள் வீட்டை விட்டு வெளியே வரவே அஞ்சுவார்கள். பொதுக் கழிப்பிடச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி உங்களுக்குச் சிறிதாகத் தோன்றலாம். இவர்கள் வேலைக்குப் போவதும் போகாததும் அச்சாவியைப் பொறுத்தது.

மருத்துவமனை தொலைவில் இருக்கிறது, மாதந்தோறும் செல்லப் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகிறது என்ற முறையீட்டை நாம் எங்கும் கேட்கிறோம். முறையீடு நியாயமானது. தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடிச் சென்று மருந்து வழங்குவதோடு இயன்முறைச் சிகிச்சையும், நாட்பட்ட நோயாளிகளுக்கான ஆதரவுச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டன. ஆனால் அதன் பட்டியலில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்கள் பெயர் ஏறுகிறது. கை வீங்கியவர் பெயர் ஏறுவதில்லை. காரணம் அவர்கள் சொல்வதில்லை, மறைக்கின்றனர். ஊராட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு என்று 2016-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாறு மன்றத்தில் அமர்ந்த தாய்மார்கள், ஆண் உறுப்பினர்கள் கேட்க இயலாத கேள்வியை வீட்டுக்குள் சென்று கேட்க முடியும். எவருடைய பெயரையும் கிராம சபையில் படிக்க வேண்டா. பொதுவில் பெயர் கேட்டால் முந்தானைக்குள் கை மேலும் ஒளிந்துகொள்ளும். சுகாதாரச் செவிலியரிடம் தனியே சொன்னால் போதும்.

நாம் பேச எடுத்துக்கொண்ட நேரம் முடிந்துவிட்டது. பக்கத்து அறையில் இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவரும் செவிலியர் ஒருவரும் அமர்ந்துள்ளனர். அளவு நாடாக்கள் நூறு கொண்டுவந்திருக்கிறோம். ஊருக்கு இரண்டு வீதம் எடுத்துச் செல்லலாம். அளக்கும் முறையை அவர்கள் தங்கள் கையிலேயே காட்டுவார்கள். வந்திருக்கும் தாய்மார்களில் எவருக்கேனும் தம் கையையே அளந்து பார்க்க வேண்டுமாயின், அறையின் பின்வாயில் வழியாகச் செல்லலாம். அங்கே ஆண்கள் வரமாட்டார்கள். வாயிற்கதவருகே நிற்கும் இளைஞர்கள் அருள்கூர்ந்து சற்று இப்பால் வரவேண்டும்.